கால் தரையில் படாத சண்டை

செகோமாரு அண்ணனின் வாய்க்கு ஒரு கடிவாளம் செய்து மாட்டியிருக்க வேண்டும். எங்கள் கொல்லன் குதிரைகளுக்கு எத்தனையோ செய்தான், வெண்கலப் பூண் வைத்து, பூ வேலை பார்த்து. அதில் ஒன்றைத் திருடி இவன் பல்லிடுக்கில் கொடுத்திருந்தால் அந்த இலையுதிர்காலத்தில் இரண்டு படைகள் சேர்ந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்காது. எனக்கும் உயிர் போய்த் திரும்பியிருக்காது.

நான் மாத்து. அவன் தேரை ஓட்டுகிறவள். அவன் எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. எங்கள் சுண்ணாம்பு மேட்டில் பெரிய வீட்டுப் பிள்ளைகளை வேறு வீட்டில் கொடுத்து வளர்ப்பது வழக்கம். அவனை என் அம்மாவிடம் கொடுத்தார்கள். ஒரே கஞ்சி, ஒரே போர்வை, ஒரே சிரங்கு. வளர்ந்ததும் அவன் கையில் வாளைக் கொடுத்தார்கள், என் கையில் குதிரை வாரைக் கொடுத்தார்கள். தேரில் நான் முன்னால் மண்டியிட்டு ஓட்டுவேன், அவன் பின்னால் நின்று கத்துவான். ஊர் முழுக்க அவனைத்தான் பார்க்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. குதிரைகள் என் பேச்சைத்தான் கேட்கும்.

குதிரைகள் இரண்டு. புரொக்கோ கறுப்பு, பிடிவாதக்காரன், தீனி விஷயத்தில் நாணயம் கிடையாது. லுகோ சாம்பல் நிறம். அவன் பிறந்தபோது கால் மடங்கி எழுந்திருக்கவே இல்லை. செகோமாருதான் அவனைத் தோளில் தூக்கி நிற்கவைத்தான், நான் துணியைப் பாலில் நனைத்து வாயில் பிழிந்தேன். மூன்று நாள் இரண்டு பேரும் தொழுவத்திலேயே கிடந்தோம். லுகோவின் தாய் கர்வா அப்போது எங்களோடு இருந்தாள். பிறகு இல்லை. செகோமாருவின் மாமன் ஒரு சண்டையில் தோற்றான், அன்று கர்வாவைப் பூட்டிய அவன் தேரை ஓட்டியவள் நான்தான். தோற்றவன் தேரும் குதிரைகளும் ஜெயித்தவனுக்குப் போகும், தேரோட்டி நடந்து வீட்டுக்குப் போகலாம். நான் வெறும் வாரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தேன். வழியெல்லாம் அழுதேன். மூன்று வருடமாகக் கர்வா ஆற்றுக்கு அந்தப் பக்கம், சதுப்பு நிலத்துச் சேற்றுக்காரர்களிடம் இருக்கிறாள்.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஆற்றங்கரைப் புல்வெளியில் யார் மாடு மேய்வது என்று நாங்களும் சேற்றுக்காரர்களும் சண்டை போடுவோம். முதலில் இரண்டு பக்கத்து மாவீரர்களும் தனியாக மோதுவார்கள். பாதி நேரம் அதோடு கதை முடிந்துவிடும், மற்றவர்கள் சும்மா கத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சண்டைக்கு முந்தின மாலை பன்றி வெட்டி விருந்து. ஊரின் முதல் வீரனுக்குத் தொடைக்கறி. அந்தத் தொடை மேல் கைவைத்து ஒருவன் என்ன சொன்னாலும் சொன்னதுதான். செய்யாவிட்டால் அப்புறம் எந்த விருந்திலும் அவனுக்கு இலை போடமாட்டார்கள், நாய்களோடு உட்காரவேண்டியதுதான்.

அந்த மாலை தொடை செகோமாருவுக்கு வந்தது. தலைமுடியில் சுண்ணாம்புக் குழம்பைப் பூசி முள்ளம்பன்றி மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கடல் கடந்து வந்த ஒரு வெண்கல வியாபாரி. நல்ல தீனிக்காரன், வாய் ஓயாதவன்.

"ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான் வியாபாரி. "தேரு பிரமாதமா இருக்கு. சக்கரத்துக்கு ஒரே இரும்புப் பட்டா, ஒட்டுப்போட்ட இடமே தெரியல. நிக்கற தட்டைத் தோல் வார்ல தொங்கவிட்டிருக்கீங்க, பள்ளத்துல விழுந்தாலும் குலுங்காது. இதுல ஏறி ஜம்முனு சண்டைக்குப் போறீங்க. போயி?"

"போயி ஈட்டி எறிவோம்," என்றான் செகோமாரு.

"எறிஞ்சிட்டு?"

"இறங்கி வாள் சண்டை போடுவோம்."

"இறங்கியா!" வியாபாரி கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தான். "இறங்கறதுக்கா இவ்வளவு செலவு பண்ணித் தேரு? நடந்தே போயிருக்கலாமேய்யா. எங்க பக்கம் இப்ப தேரே கிடையாது. குதிரை முதுகுலயே ஏறி உக்காந்துக்கறாங்க."

"முதுகுலயா? அப்ப தேரோட்டி எங்க உக்காருவா?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் செகோமாருவின் காது சிவந்துவிட்டது. அவனுக்குக் காது சிவந்தால் ஏதோ ஒன்று உடையப்போகிறது என்று அர்த்தம். அது ஏழு வயதிலிருந்து உள்ள பழக்கம்.

"இறங்கறதுக்கு ஒரு வண்டி," என்று வியாபாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினான்.

செகோமாரு எழுந்தான். பார்லிக் கள் எட்டுக் கோப்பை உள்ளே போயிருந்தது. தொடைக்கறி மேல் பட்டென்று கையை வைத்தான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நாளைக்கு அந்தச் சேத்துக்காரன் குனோவெல் தேரை விட்டு இறங்கித் தரையில கால் வைக்கற வரைக்கும் இந்தச் செகோமாரு கால் வைக்க மாட்டான். வச்சா, என் தேரும் ரெண்டு குதிரையும் அவனுக்கு!"

கூடமே எழுந்து மேசையைத் தட்டியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த எலும்பை அவன் மேல் எறிந்தேன், சுண்ணாம்பு முடியில் போய்ச் செருகிக்கொண்டு நின்றது.

"யாரு குதிரையை யாருக்குடா தர்றே?" என்று கத்தினேன். பிறகுதான் கூடம் நிறையப் பெரியவர்கள் இருப்பது நினைவுக்கு வந்தது. "தர்றீங்க அண்ணே?" என்று திருத்திக்கொண்டேன்.

"பயப்படாதடி. அவன் இறங்குவான். எப்பவும் இறங்கறான்ல?"

அது உண்மைதான். எல்லோரும் எப்போதும் இறங்குவார்கள். குனோவெல் இறங்குவான், உடனே இவனும் இறங்குவான், வழக்கம்போல மோதுவார்கள். அப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டு புரொக்கோவுக்குத் தீனி வைக்கப் போனேன்.

காலையில் புல்வெளியில் இரண்டு படையும் எதிரெதிரே நின்றன. எங்கள் கூவுகிறவன் முன்னால் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, செகோமாரு சொன்னதை ஒரு சொல் விடாமல் கூவினான். எங்கள் ஆட்கள் கேடயத்தைத் தட்டினார்கள். எதிர்ப்பக்கம் யாரும் தட்டவில்லை, ஏசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கூவுகிறவன் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான்.

"எங்க குனோவெல் தொடை மேல கை வச்சுச் சொன்னது," என்று ஆரம்பித்தான். "செகோமாரு தேரை விட்டு இறங்கித் தரையில கால் வைக்கற வரைக்கும்..." அங்கேயே நிறுத்தி, எச்சில் விழுங்கி, மீதியைச் சொன்னான். அதே சொல். அதே பந்தயம்.

புல்வெளியில் ஒரு காக்கை கத்தியது. நான் திரும்பிப் பார்த்தேன். நடுவிலிருந்த மேட்டில், இரண்டு படைக்கும் பொதுவாக ஓர் இடம் பார்த்து, வியாபாரி உட்கார்ந்து காட்டு ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். சேற்றுக்காரர்களின் விருந்து எங்களுக்கு ஒரு நாள் முந்தி, முந்தாநாள் அவன் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டு, அங்கேயும் இதே பேச்சைப் பேசியிருக்கிறான்.

"அண்ணே," என்றேன்.

"ஓட்டுடி," என்றான் செகோமாரு. அவன் குரல் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

ஓட்டினேன். எதிரே குனோவெலின் தேர். ஓட்டியவன் லித்து, செம்பட்டை மீசை, எனக்குத் தெரிந்தவன்தான். நுகத்தடியின் இடப்பக்கம் கர்வா. மூன்று வருடத்தில் முகத்தில் நரை விழுந்திருந்தது. லுகோ காதை நிமிர்த்திக் கனைத்தான், அவளும் பதிலுக்குக் கனைத்தாள். தாயும் பிள்ளையும் சண்டைக்கு வந்த இடத்தில் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

முதல் சுற்றில் வீரர்கள் ஆளுக்கு மூன்று ஈட்டி எறிந்தார்கள். ஆறும் புல்லில் குத்திக்கொண்டு நின்றன. எடுக்க வேண்டுமானால் இறங்க வேண்டும். வாள் வீசலாம் என்றால் எட்டவில்லை. எட்டுகிற அளவுக்கு நெருங்கினால் இரண்டு தேரின் சக்கரக் குடமும் மோதி அச்சு முறியும், இரண்டு பேரும் தரையில்தான். அதனால் ஐந்து முழம் தள்ளி வட்டமாகச் சுற்றினோம். லித்து ஒரு வட்டம், நான் ஒரு வட்டம், சந்திக்கிற இடத்தில் இரண்டு பெரிய மனிதர்களும் காற்றில் வாளை வீசி ஒருவரையொருவர் வைதார்கள்.

"இறங்குடா கோழை!"

"நீ இறங்குடா மொதல்ல!"

"எனக்கு இங்கயே காத்து நல்லா வருது!"

"எனக்கு மட்டும் புழுக்கமா இருக்கா?"

பத்துச் சுற்று. இருபது சுற்று. எங்கள் தலைவர் தாஸ்கோ முதலில் ஈட்டியில் சாய்ந்து நின்றார், பிறகு கேடயத்தைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் படையே உட்கார்ந்தது. எதிர்ப்பக்கமும் உட்கார்ந்தது. யாரோ அடுப்பு மூட்டினார்கள். சேற்றுக்காரர்களிடம் மீன் இருந்தது, எங்களிடம் வெண்ணெய் இருந்தது, சும்மா இருப்பார்களா? போன வருடம் ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்த இரண்டு பேர் தழும்பைக் காட்டிக்கொண்டு ஒரே கல்லில் ரொட்டி சுட்டார்கள்.

கூட்டம் வேறு பக்கம் பார்ப்பது செகோமாருவுக்குப் பொறுக்கவில்லை. "வாரை நேராப் பிடி," என்றான். என்னைத் தாண்டி ஏர்க்கால் மேல் ஏறி, ஓடுகிற குதிரைகளுக்கு நடுவே கிடுகிடுவென்று ஓடி நுகத்தடியில் போய் நின்றான். இரண்டு கையையும் விரித்தான். இந்த வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். படை ஓவென்று கத்தியது. எனக்கே குஷி தாங்கவில்லை, வாய்விட்டுக் கூவினேன். உடனே குனோவெலும் அவன் ஏர்க்காலில் ஓடி நுகத்தடியில் நின்றான், போதாக்குறைக்கு ஒற்றைக் காலில். செகோமாரு அங்கிருந்தே திரும்பி நின்று எனக்குக் கும்பிடு போட்டான். குனோவெல் குந்தி உட்கார்ந்து எழுந்தான். இவன் பாட்டுப் பாடினான். அவன் அதே பாட்டைச் சத்தமாகப் பாடினான். சிரித்துச் சிரித்து என் கையில் வார் நழுவியது.

"அண்ணே, போதும், உள்ள வா! நுகத்துல பாரம் ஏறுது, பிள்ளைங்க கழுத்து என்னத்துக்காகும்?"

வந்தான். வந்ததும் வேறு தொல்லை. எட்டுக் கோப்பைப் பார்லிக் கள் வேலையைக் காட்டியது.

"மாத்து. அவசரமா வருது."

"எறங்கிப் போ."

"விளையாடாதடி."

"அப்ப பின்னாடி திரும்பிப் போ. காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்க."

அவன் பார்க்கவில்லை. வட்டத்தில் ஓடும்போது காற்று எல்லாப் பக்கமும் வரும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. பாதி அவன் கால்சட்டைக்கே திரும்பி வந்தது. அடுத்த சுற்றில் குனோவெல் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்ததில் அவனுக்கும் அடக்க முடியாமல் போனது. லித்து தலையைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துத் திட்டினான். இரண்டு படையும் புல்லில் உருண்டது. தாஸ்கோ தலைவர் மூக்கு வழியாக மீன் சாப்பிட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

சூரியன் உச்சி தாண்டியது. அப்போதுதான் லுகோவின் மூச்சில் ஒரு சீட்டி கேட்டது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாயோரத்தில் நுரை, நுரையில் லேசாகச் சிவப்பு. இடது முன்னங்கால் ஒவ்வோர் அடிக்கும் தயங்கியது. தேரைச் சுத்தமாக நிறுத்தவும் முடியாது. நின்ற தேரைச் சுற்றி வந்து எதிரி பின்னாலிருந்து ஆளை இழுத்துப் போட்டுவிடுவான், அதற்கு அவன் கால் தரையில் பட வேண்டியதில்லை. ஓடினால் லுகோ சாவான். நின்றால் லுகோ சேற்றுக்காரனுக்கு. வெறும் வாரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அந்த நாள் கண்முன்னால் வந்தது. இன்னொரு தடவை அப்படி நடக்க என்னால் முடியாது.

"அண்ணே, லுகோ விழுந்துடுவான்."

செகோமாரு எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. "ஒரு சுத்துடி. இன்னும் ஒரே ஒரு சுத்து. அவன் இறங்கிடுவான்."

அடுத்த சந்திப்பில் நான் லித்துவைப் பார்த்துக் கத்தினேன். "யோவ் சேத்துக்காரா! ரெண்டு பேரும் சேந்து நிறுத்துவோம்யா!"

"நீ மொதல்ல நிறுத்துடி சுண்ணாம்புக்காரி!"

ஒரு சுற்று.

"கர்வாவைப் பாருய்யா! அவ வயசுக்கு இது தாங்குமா?"

"எனக்குத் தெரியாதா? நிறுத்தினா என் தலை இருக்காது!"

அவன் கண்ணிலும் பயத்தைப் பார்த்தேன். ஆனால் நிறுத்தமாட்டான். நானும் நிறுத்தமாட்டேன்.

தேரோட்டிகளுக்குள் ஒரு நேர்மை உண்டு. எங்கள் குதிரைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை தலைமுறையாகக் கைமாறிக் கைமாறி, இரண்டு கரைக்கும் ஒரே கூப்பாடுதான். நிற்கச் சொல்ல "தர்ர்ர்-ஓ". சேற்றில் சிக்கினால் முக்கி எழச் சொல்ல "ஹிஸ்-ஹா". யார் சொன்னாலும் குதிரை கேட்கும். அதனால்தான் சண்டையில் அடுத்தவன் குதிரைக்கு யாரும் வாய் திறப்பதில்லை. கழுத்தை வெட்டலாம், ஈட்டி எறியலாம். அடுத்தவன் குதிரையைக் கூப்பிடக் கூடாது. என் அம்மா காலத்தில் அப்படிக் கூப்பிட்ட ஒருத்தனோடு எந்தத் தேரோட்டியும் சாகும்வரை பேசவில்லை.

அடுத்த சுற்றில் இரண்டு தேரும் மாடுகள் தண்ணீர் குடிக்கிற சேற்றுக் குட்டையை ஒட்டி அருகருகே வந்தன. லுகோவின் மூச்சுச் சீட்டியடித்தது. நான் மார்பு நிறையக் காற்றை இழுத்தேன்.

"தர்ர்ர்-ஓ!"

நாலு குதிரையும் முன்னங்காலை ஊன்றி, அடித்துவைத்த முளை மாதிரி நின்றன. தேர்கள் நின்றன. வீரர்கள் நிற்கவில்லை. செகோமாரு என் தலைக்கு மேலே பறந்தான். அந்தப் பக்கம் குனோவெல் பறந்தான். இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு, குதிரைகளின் காதைத் தாண்டி, ஒரே நேரத்தில் தலைகீழாகக் குட்டைக்குள் போய்ச் செருகினார்கள்.

இடுப்பு வரை சேறு. மேலே நாலு கால் ஆடின.

பிறகு தலை வெளியே வந்தது, ஆனால் கால் கீழே போகவில்லை. செகோமாரு மல்லாந்து கிடந்தபடி இரண்டு காலையும் வானத்துக்குத் தூக்கினான். "படல!" என்று சேற்றைத் துப்பிக்கொண்டு அலறினான். "கால் படல! எல்லாரும் பாருங்க!"

"எனக்கும் படல!" என்று பக்கத்திலேயே குனோவெல், அவனும் அதே கோலம். "அவனைப் பாருங்க, குதிகால் பட்டிருக்கும்!"

"உன் பெருவிரல் பட்டிருக்கும்டா!"

இரண்டு தலைவர்களும் வந்து குனிந்து ஆராய்ந்தார்கள். நாலு பாதமும் வெயிலில் பளிச்சென்று இருந்தன, ஒரு பொட்டுச் சேறு இல்லை. தீர்ப்பு சொல்ல தாஸ்கோ தலைவர் நாலு தடவை வாயைத் திறந்தார். நாலு தடவையும் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சேற்றுக்காரர் தலைவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரும் தோக்கல. இந்த வருசம் புல்லை ரெண்டு பேரும் மேய்ச்சுக்குவோம். இன்னிக்கு அவங்கவங்க ஊர் எல்லையைத் தொடற வரைக்கும் பந்தயம் நிக்குது. அதுக்குள்ள எவன் கால் வைக்கறானோ அவன் தோத்தவன். இப்ப இவங்களைத் தூக்குங்கப்பா, பாக்க சகிக்கல."

குனோவெலைக் கேடயத்தில் கிடத்தி ஆட்கள் தூக்கிப் போனார்கள். செகோமாருவைத் தூக்கி என் தேரில் போட்டார்கள். போடும்போது கூட அவன் காலை இறக்கவில்லை.

லித்து மட்டும் சிரிக்கவில்லை. கர்வாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். "என் குதிரைய நீ கூப்பிட்டே," என்றான். அவ்வளவுதான். எனக்கு முகம் எரிந்தது. குதிரைகள் பிழைத்தன என்ற சந்தோஷத்தில் பாதி அங்கேயே செத்துப்போனது.

படை மேட்டுப் பாதையில் பாடிக்கொண்டு முன்னால் போய்விட்டது. தேர் அந்தப் பாதையில் ஏறாது, நான் ஓடைத்துறை வழியாக மெல்ல ஓட்டினேன். செகோமாரு பின்னால் உட்கார்ந்து, காலைத் தேரின் வளைவில் தூக்கிப்போட்டபடி, தான் பறந்த கதையை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தான். நான் லுகோவின் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஓடையின் நடுவில் லுகோ விழுந்தான்.

முன்னங்கால் இரண்டும் மடங்கி, கழுத்து நுகத்தோடு சேற்றில் இறங்கியது. புரொக்கோ மிரண்டு இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. நான் குதித்து நுகத்தைக் கட்டிய தோல் வாரை அறுக்கப் போனேன். ஊறிப்போன தோல், கத்தி வழுக்கியது. லுகோவின் மூக்குக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டது. தலையைப் பிடிக்க வேண்டும், வாரையும் அறுக்க வேண்டும், எனக்கு இருப்பது இரண்டு கை. "குதிரைத்தாயே" என்று எங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

பின்னால் பொதக்கென்று ஒரு சத்தம். செகோமாரு தொடையளவு சேற்றில் நின்றிருந்தான். அவன் யோசிக்கவே இல்லை. பிறந்த நாளில் தூக்கிய மாதிரியே லுகோவின் தலையைத் தோளில் வாங்கி, முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்தான். "அறுடி! அறு!" என்று கத்தினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அப்போதுதான் நாங்கள் விட்டுவந்த கரையைப் பார்த்தேன். லித்து நின்றிருந்தான். வேறு ஆள் இல்லை, அவனும், தண்ணீர் காட்ட அவன் ஓட்டிவந்த குதிரைகளும்தான். பத்தடி கூட இருக்காது. அவன் பார்வை செகோமாருவின் முகத்தில் இல்லை, தண்ணீருக்குள் போகிற காலில் இருந்தது.

என் கை நின்றுவிட்டது. எங்கள் எல்லைக்கல் ஓடைக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றது. லித்து அவன் ஆட்களைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் போதும். லுகோ போவான், புரொக்கோ போவான், நான் மறுபடி நடப்பேன். கொடுக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. நான்தான் முதலில் நேர்மையை மீறினேன். அண்ணனும் அவனைப் பார்த்துவிட்டான். பார்த்தும் லுகோவை விடவில்லை.

லித்து மீசையைத் துடைத்தான். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பிறகு ஓடை அதிரக் கத்தினான்.

"ஹிஸ்-ஹா! ஹிஸ்-ஹா!"

கர்வா கனைத்தாள். லுகோவின் உடம்பில் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. செகோமாருவைத் தள்ளிக்கொண்டு, பின்னங்காலை உந்தி, சேற்றைக் கிழித்துக்கொண்டு எழுந்தான். புரொக்கோவும் சேர்ந்து இழுத்தான். தேர் கரையேறியது.

செகோமாரு ஒரே தாவில் உள்ளே ஏறிப் பழையபடி காலைத் தூக்கிப்போட்டுக்கொண்டான். பாதம் இரண்டும் கருஞ்சேறு. நாலு பாதமும் சுத்தமாக இருந்ததை இரண்டு படை பார்த்திருக்கிறது. நான் இரண்டு கையிலும் சேற்றை அள்ளி அவன் தலை, முகம், மூக்கு, வாய் என்று ஓரிடம் விடாமல் அப்பினேன். பாதத்துச் சேறு தனியாகத் தெரியக் கூடாது என்றுதான் அப்பினேன். அந்தத் தொடைக்கறிக்காகவும் கொஞ்சம் சேர்த்து அப்பினேன்.

"வாய்க்குள்ள எதுக்குடி?"

"அங்கதான் மொதல்ல அப்பியிருக்கணும்."

ஊரில் அவனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். ஓடையில் தேர் கவிழ்ந்தது, அண்ணன் மறுபடி தலைகீழாகத்தான் விழுந்தான் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவன் தலைகீழாக விழுவான் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவன் தொழுவத்துக்கு வந்தான். நான் லுகோவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தினான்.

"மாத்து, அந்த லித்து அவன் குதிரைங்களைத்தானே அதட்டினான்? நம்மளை அவன் பாக்கலதானே?"

"ஆமாண்ணே. அவன் குதிரைங்களைத்தான்."

அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு லுகோவின் நெற்றியைச் சொறிந்தான். நான் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தேன். லித்து ஓடையில் கத்திய அந்த நேரம் அவன் குதிரைகள் நுகம் கழற்றப்பட்டு, காய்ந்த கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தன.